பழைய மரப்பலகைச் சுவர்களைப் புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருண்டு, செம்பழுப்பேறி, பிசுக்கோடு நிற்கும் மரப்பலகைச் சுவரைப் பார்த்ததும் ‘பெயர்த்தெறிந்துவிடலாம்’ என்றோ ‘வெள்ளை அடித்துவிடலாம்’ என்றோதான் பலருக்கும் தோன்றுகிறது. இரண்டுமே சரியான முடிவாக இருக்கக்கூடும். ஆனால் என்ன மரம், மேலே என்ன மெருகு என்று பார்க்காமல் எடுத்த முடிவுகளால் நல்ல பலகைகள் பாழானதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பலகைச் சுவர் அறையையே பழசாகக் காட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

கழுவுவதிலிருந்து. பழசாகத் தெரிவது பெரும்பாலும் மரம் அல்ல; மரத்தின் மேல் இருக்கும் மெருகும், அந்த மெருகின் மேல் படிந்த அழுக்கும்தான். எண்ணெய் கலந்த வார்னிஷ் ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளித்து ஆரஞ்சு நிறத்துக்குப் போகும். அதன் மேல் கைப்பிசுக்கு, புகை, தூசு, எப்போதோ தடவிய மெழுகு எல்லாம் சேர்ந்து ஒரு படலமாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து, ஒரே ஒரு பலகையை மேலிருந்து கீழாகத் துடைத்துப் பாருங்கள். வாளித் தண்ணீர் பழுப்பாக மாறும். துடைத்த பலகை பக்கத்துப் பலகையைவிட ஒரு சாயல் வெளுத்து நிற்கும். அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு முடிவை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு.

மெழுகுப் படலம் நீரில் போகாது. டர்பன்டைன் அல்லது மினரல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, துணியின் முகத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மெழுகை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளுவதாகவே முடியும். சன்னல்கள் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம்.

கழுவியதோடு விளக்குகளையும் மாற்றிப் பாருங்கள். இருண்ட பலகைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதில்லை, விழுங்கிக்கொள்கிறது. கூரையின் நடுவில் ஒற்றை விளக்கு எரியும் அறையில் எந்த மரமும் சோர்ந்துதான் தெரியும். சுவரை ஒட்டி மேலிருந்து வெளிச்சம் விழும்படி இரண்டு விளக்குகள் வைத்து, கூரையை வெள்ளையாக்கினாலே அறை வேறாகத் தெரியும்.

என் சுவரில் இருப்பது உண்மையான மரமா?

இதைக் கண்டுபிடிக்காமல் உப்புத்தாளைக் கையில் எடுக்கக் கூடாது. சுவர்ப் பலகைகள் பொதுவாக மூன்று விதம். முழு மரப் பலகைகள் ஒன்று: ஒரு பலகையின் விளிம்பிலுள்ள நாக்கு அடுத்ததன் காடியில், அதாவது பள்ளக் கோட்டில், நுழைந்து பூட்டிக்கொள்ளும். பிளைவுட் தாளின் மேல் மெல்லிய மரச் சீவலை ஒட்டிய வெனீர் இரண்டாவது. மூன்றாவது வெறும் அச்சு: நார்ப்பலகை அல்லது மலிவான பிளைவுட்டின் மேல், மர ரேகையின் படத்தை அச்சிட்ட காகிதமோ பிளாஸ்டிக் படலமோ ஒட்டியிருக்கும். மைக்கா ஒட்டிய பலகைகளையும் இந்த மூன்றாவது வகையோடு வைத்துக்கொள்ளலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி, மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டு ஒரு சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றுவது. பெட்டிக்காக அறுத்த இடத்தில் பலகையின் குறுக்குவெட்டு தெரியும். ரேகை முகப்பிலிருந்து உள்ளே தொடர்ந்து ஓடினால் முழு மரம். கனமும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். சீரான பழுப்பு மாவை அழுத்தியதுபோல் இருந்தால் நார்ப்பலகை. சுவிட்ச் பெட்டி கைக்கு வசதியாக இல்லையென்றால், தரையோரச் சட்டத்தையோ கதவோரச் சட்டத்தையோ சற்று நெம்பியும் பார்க்கலாம்.

கண்ணாலேயே பிடித்துவிடும் அடையாளங்களும் இருக்கின்றன. ஒரு கணுவை மனத்தில் வைத்துக்கொண்டு சுவர் முழுவதும் தேடுங்கள். அதே கணு, அதே வளைவு, அதே கீறலோடு இன்னோரிடத்தில் மீண்டும் வந்தால் அது அச்சடித்த படம். மரம் தன்னைத் திருப்பி எழுதுவதில்லை. காடிகளையும் கவனியுங்கள். 4 அடிக்கு 8 அடித் தாள்களில் காடிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் ஓடும். வெவ்வேறு அகலப் பலகைகளை அடுத்தடுத்து வைத்ததுபோலக் காட்டுவதற்காக அப்படிச் செய்தார்கள். உண்மையில் ஒவ்வொரு 4 அடிக்கும்தான் ஒரு மெய்யான இணைப்பு இருக்கும்.

வித்தியாசம் தெரிந்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். முழு மரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புதிதாக்கலாம். வெனீர் அரை மில்லிமீட்டர் கனம்தான், சிலவற்றில் அதுவும் இல்லை. மின் இயந்திரத்தை ஒரே இடத்தில் சில நொடிகள் கூடுதலாக அழுத்தினால் கீழடுக்கு வெளிறிய தீவாகத் தலைகாட்டும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை, பெயின்ட்தான் கதி. அச்சுப் படலத்தைத் தேய்த்து மரம் எடுக்கவே முடியாது, அங்கே மரம் இல்லை.

பெயின்ட் அடிக்காமல் மரத்தை மரமாகவே காட்ட முடியுமா?

முழு மரமாக இருந்தால் முடியும். நான் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். மெருகு நன்றாக ஒட்டியிருந்து, பொலிவு மட்டும் போயிருந்தால், கழுவி உலர்த்தி, 220 எண் உப்புத்தாளால் லேசாக ஒரு கை ஓட்டி, தூசு துடைத்து, நீர் சார்ந்த மங்கலான வார்னிஷ் ஒரு பூச்சுப் போதும். பழசு என்ற உணர்வைத் தருவதில் பளபளப்புக்குப் பெரும்பங்கு இருக்கிறது. கண்ணாடிபோல் மின்னும் ஆரஞ்சுப் பலகை ஒரு காலத்தைச் சொல்கிறது. அதே மரம் மங்கலான பூச்சில் எந்தக் காலத்துக்கும் பொருந்துகிறது.

மெருகு வெடித்து உரிந்திருந்தாலோ, ஆரஞ்சு நிறமே பிடிக்கவில்லை என்றாலோ மெருகை முழுவதுமாக எடுக்க வேண்டும். மெருகு நீக்கும் பசையைத் தடவி, மென்மையான பிறகு பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, காடிகளைப் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்து, பிறகு 120, 150, 180 என்று உப்புத்தாளை மென்மையாக்கிக்கொண்டே போக வேண்டும். எப்போதும் ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த ஒரு கீறல் அப்போது தெரியாது, மெருகு ஏறிய பிறகுதான் பளிச்சென்று தெரியும். இது பல வார இறுதிகளைத் தின்னும் வேலை. ஒரு சுவரோடு தொடங்கி, பிடித்திருந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

கடைசியாகப் பூசுவது நீர் சார்ந்த பாலியூரித்தேனாக இருக்கட்டும். எண்ணெய் சார்ந்தது மரத்துக்கு அழகான இளஞ்சூட்டைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் அதுவே மெல்ல மஞ்சளித்து, எந்த நிறத்திலிருந்து தப்பினீர்களோ அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும்.

படம் மாட்டியிருந்த இடம் வேறு நிறத்தில் இருக்கிறது. கறையா?

கறை அல்ல. மரம் வெளிச்சத்தில் நிறம் மாறும். பைன், செர்ரி போன்றவை வெளிச்சம் பட்டுக் கருக்கும், வால்நட் வெளுக்கும். படத்துக்குப் பின்னால் வெளிச்சம் படாததால் அந்தச் சதுரம் பழைய நிறத்திலேயே தங்கியிருக்கிறது. படத்தை எடுத்துவிட்டுச் சில மாதங்கள் விட்டால் வித்தியாசம் குறையும். தேய்த்து மெருகு மாற்றும் எண்ணம் இருந்தால், மேல்படிவோடு அதுவும் பெரும்பாலும் போய்விடும்.

சன்னலுக்குக் கீழே, பழைய ஆணியைச் சுற்றி இருக்கும் கரும்புள்ளிகள் வேறு விஷயம். நீரும் இரும்பும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து அந்தக் கறுப்பு வருகிறது. மெருகை எடுத்த பிறகு ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் மறையும். அது நஞ்சு: கையுறை, கண்ணாடி கட்டாயம். வேலை முடிந்ததும் பலமுறை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும், உலர்ந்து தங்கிய அமிலப் படிகத்தைத் தேய்த்துத் தூசாக்கி மூச்சில் இழுத்துவிடக் கூடாது.

மேலே இருப்பது என்ன மெருகு என்று எப்படி அறிவது?

கண்ணில் படாத ஒரு மூலையில், மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துத் தேயுங்கள். மெருகு இளகிப் பிசுபிசுத்தால் அது ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சி தரும் அரக்கிலிருந்து எடுத்த மெருகு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லேக்கர் தின்னருக்குக் கரைந்தால் லேக்கர், அதாவது வேகமாக உலரும் ஒரு மெருகு. இரண்டுக்கும் மசியாவிட்டால் எண்ணெய் வார்னிஷாகவோ பாலியூரித்தேனாகவோ இருக்கும். ஷெல்லாக் என்று தெரிந்தால் உங்கள் வேலை பாதி குறைந்தது. ஸ்பிரிட்டிலேயே அதை எடுத்துவிடலாம்.

தேய்ப்பதற்கு முன் பயப்பட வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

பழைய வீடு, பலகை மேல் முன்பே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றால் அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பயன்பாட்டில் ஈயப் பெயின்ட்டை அமெரிக்கா தடை செய்ததே 1978இல்தான். பல நாடுகள் அதற்கும் பிந்தியே கட்டுப்படுத்தின. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது. கருவுற்ற பெண்களுக்கும் ஆபத்து. ஆகவே வயது தெரியாத பெயின்ட்டைச் சோதிக்காமல் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, நெருப்பு விளக்கால் சுடவும் கூடாது. கடைகளில் கிடைக்கும் சோதனைக் குச்சி ஒரு முதல் குறிப்புத் தரும். ஆய்வகத்தில் ஒரு சில்லைக் கொடுத்துப் பார்ப்பது உறுதியானது. ஈயம் இருந்து, பெயின்ட் உரியாமல் கெட்டியாக ஒட்டியிருந்தால், அதைத் தொந்தரவு செய்யாமல் மேலே பூசி மூடிவிடுவது பல நேரங்களில் அகற்றுவதைவிடப் பாதுகாப்பானது.

ஆஸ்பெஸ்டாஸ், அதாவது மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார், இன்னொன்று. பலகையில் அது அரிது. ஆனால் பலகைக்குப் பின்னால் உள்ள பழைய சுவர்த் தகடு, பூச்சு, பசை ஆகியவற்றில் இருந்திருக்கலாம். கண்ணால் பார்த்து ஆஸ்பெஸ்டாஸைச் சொல்ல எவராலும் முடியாது. பெயர்த்தெடுக்கும் எண்ணம் இருந்தால், உடைக்கும் முன் மாதிரியைச் சோதனைக்குக் கொடுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் மரத்தூளே நல்லதல்ல. நெடுங்காலம் மூச்சில் போகும் மரத்தூள் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. துணியைக் கட்டிக்கொண்டு தேய்க்காதீர்கள். என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம் அணியுங்கள்.

பெயின்ட் அடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படிச் செய்தால் உரியாது?

வரிசை முக்கியம்: கழுவுவது, சொரசொரப்பாக்குவது, தூசு எடுப்பது, பிரைமர் என்ற அடிப்பூச்சு, பெயின்ட். உரிந்து வந்த பலகைச் சுவர்களை நான் பார்த்தவரை, ஏறக்குறைய எல்லாவற்றிலும் குற்றவாளி முதல் படியாகவே இருந்தது. அழுக்கின் மேல் பூசிய பெயின்ட் அழுக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், மரத்தை அல்ல. கைகள் அடிக்கடி படும் சுவிட்சுகளைச் சுற்றியும், சமையலறையை ஒட்டிய சுவரிலும் இரண்டு முறை கழுவுங்கள். சோப்பு எச்சம் போகும்வரை வெறும் நீரால் துடைத்து, ஒரு நாள் முழுதும் உலர விடுங்கள்.

பிறகு 150 எண் உப்புத்தாள். இங்கே மெருகை எடுப்பது நோக்கமல்ல, பளபளப்பைக் கொல்வதுதான். விரல் நுனியை ஓட்டினால் வழுக்காமல் மாவு தொட்டாற்போல் இருக்க வேண்டும். வெனீரிலும் அச்சுப் படலத்திலும் இயந்திரம் வேண்டாம், கையே போதும். அச்சுப் படலத்தில் காகிதம் பஞ்சாகக் கிளம்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காடிக்குள் உப்புத்தாளை மடித்து அதன் மடிப்போரத்தால் தேய்க்கலாம். தூசை உறிஞ்சியால் எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரைமர் இல்லாமல் பலகைக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். டப்பாவில் ‘பிரைமரும் பெயின்ட்டும் ஒன்றிலேயே’ என்று எழுதியிருந்தாலும், மெருகேற்றிய மரத்துக்கும் மைக்காவுக்கும் அது போதாது. மைக்கா, அச்சுப் படலம் என்றால் வழவழப்பான பரப்பில் பிடிக்கும் ஒட்டுப் பிரைமர். முழு மரம், வெனீர் என்றால் கறை தடுக்கும் பிரைமர்; ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன். பிரைமர் உலர்ந்த மறுநாள் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கீறல் போட்டு, அதன் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி, வெடுக்கென்று இழுங்கள். நாடாவோடு பிரைமர் வந்தால் கழுவியது போதவில்லை. அப்போது திரும்பக் கழுவுவது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அறை முழுவதும் பூசிய பிறகு உரிவதைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பூசும்போது முதலில் தூரிகையால் காடிகள், பிறகு ரோலரால் முகப்பு. காடியில் தேங்கும் பெயின்ட் கண்ணீர்போல் வழியும். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து உலர்ந்த தூரிகையால் அதைத் துடைத்துவிடுங்கள். ரோலரின் மயிர் 10 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி. அதற்கு மேல் நீண்டால் பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் ஆகும். ஒரு லிட்டர் பெயின்ட் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும் என்று கணக்கிடுவார்கள். காடிகள் இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். மெல்லிய இரண்டு பூச்சு, தடித்த ஒன்றைவிட நிற்கும். தொட்டால் சில மணி நேரத்தில் உலர்ந்திருக்கும், ஆனால் உள்ளே இறுக மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை அலமாரியைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காதீர்கள்.

வெள்ளை அடித்த சுவரில் மஞ்சள் வட்டங்கள் வருகின்றன. இன்னொரு பூச்சு அடித்தால் போகுமா?

போகாது. என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு படிப்பறையின் பைன் பலகைகளுக்கு நீர் சார்ந்த பிரைமரும் வெள்ளை பெயின்ட்டும் பூசினேன். வேலை முடிந்த அன்று சுவர் பால்போல் இருந்தது. மூன்றாவது வாரம், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, கதவுக்கு அருகில் கட்டைவிரல் அளவில் ஒரு மங்கிய மஞ்சள் தெரிந்தது. விரலால் துடைத்தேன், போகவில்லை. ஒரு மாதத்தில் சுவரெங்கும் அப்படி எண்பதுக்கு மேல் எண்ணினேன். ஒவ்வொன்றும் ஒரு கணு. மேலே இன்னொரு பூச்சு அடித்தேன். பத்து நாளில் அதே இடங்களில் அதே வட்டங்கள் வந்துவிட்டன.

காரணம் எளியது. பைன் போன்ற மரங்களின் கணுக்களில் பிசின் செறிந்திருக்கிறது. ஓக், செடார், மகோகனி போன்றவற்றில் டானின் நிறைய. பெயின்ட்டிலுள்ள நீர் டானினைக் கரைத்து மேலே இழுத்து வருகிறது. பிசினோ வெப்பத்தில் இளகித் தானே ஊறி வருகிறது. எத்தனை பூச்சு அடித்தாலும் ஒவ்வொன்றையும் ஊடுருவும். அதைத் தடுத்து நிறுத்துவதில் ஷெல்லாக் பிரைமருக்கு இணை இல்லை, ஏனென்றால் அதில் நீரும் இல்லை, பிசின் அதைக் கரைப்பதும் இல்லை. கணுக்களுக்கு முதலில் தனித்தனியாக இரண்டு முறை தொட்டு, பிறகு சுவர் முழுவதும் ஒரு பூச்சு. முக்கால் மணி நேரத்தில் உலர்ந்துவிடும். நெடி கடுமை, எளிதில் தீப்பற்றும். சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்குச் சுடர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். தூரிகையை ஸ்பிரிட்டில் கழுவலாம்.

அந்தப் படிப்பறையின் கணுக்கள் எல்லாவற்றையும் கடைசியில் ஷெல்லாக்கால்தான் அடைத்தேன். பிறகு ஒரே ஒரு பூச்சு வெள்ளைதான். கறை திரும்பி வரவில்லை.

காடிகளை அடைத்துச் சமமான சுவராக்க முடியுமா?

பிளைவுட் தாளில் முடியும், முழு மரத்தில் வேண்டாம்.

முழு மரப் பலகை ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைகிறது. ஈரக் காற்றில் குறுக்குவாட்டில் விரியும், வறண்ட காற்றில் சுருங்கும்; நீளவாட்டில் மட்டும் அநேகமாக மாறாது. அந்த அசைவுக்காகவே நாக்கும் காடியும் வைத்துப் பூட்டினார்கள். அங்கே பட்டி பார்த்து அடைத்தால் ஒரு பருவம் மாறுவதற்குள் ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை விரிசல் ஓடும். பிளைவுட் தாளில் காடி வெறும் கீறல்தான், அதன் இருபுறமும் ஒரே தாள். பிரைமர் பூசி, பட்டியை இரண்டு முறை இழுத்து, தேய்த்துச் சமமாக்கலாம். 4 அடிக்கு ஒருமுறை வரும் மெய்யான இணைப்பில் மட்டும் கண்ணாடியிழை வலைநாடா ஒட்டிப் பட்டி இழுக்க வேண்டும்.

காடிகளை அப்படியே விட்டுவிடுவதில்தான் எனக்கு விருப்பம். சுவரும் காடியும் ஒரே நிறமாகிவிட்டால் அந்த நேர்கோடுகள் மெல்லிய நிழல்களாக மாறி, வெறும் சுவருக்கு இல்லாத ஓர் அமைதியைத் தருகின்றன. பலகையைப் பழசாகக் காட்டியவை காடிகள் அல்ல. காடிக்குள் இருந்த கறுப்பு.

எந்த நிறம், எவ்வளவு மினுமினுப்பு?

மினுமினுப்புக்கு என் பதில் உறுதியானது: மங்கலுக்கும் பளபளப்புக்கும் நடுவே உள்ள சாட்டின். முழு மங்கலில் கைக்கறை தங்கும். முழு பளபளப்பு ஒவ்வொரு ஆணித் தடத்தையும் காட்டிக்கொடுக்கும். நிறம் உங்கள் விருப்பம். வெள்ளைதான் வேண்டும் என்பதில்லை. சாம்பல் கலந்த பச்சை, மங்கிய நீலம் போன்றவை காடியுள்ள பலகையில் அழகாக உட்காரும். ஓர் அட்டையில் பூசிப் பார்ப்பதைவிடச் சுவரிலேயே இரண்டடிச் சதுரம் பூசி, காலையிலும் இரவு விளக்கிலும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ரேகை தெரியும்படி வெளுப்பாக்க ஏதாவது வழி?

வெள்ளை பெயின்ட்டைச் சம அளவு நீரில் கலந்து, இரண்டு பலகைகளுக்கு மட்டும் பூசி, ஒரு நிமிடத்துக்குள் துணியால் துடைத்தெடுக்கும் முறை ஒன்று உண்டு. ரேகைக் குழிகளில் வெள்ளை தங்கும், மேடுகளில் மரம் தெரியும். மெருகு இல்லாத மரத்தில்தான் இது சரியாக வரும். மெருகின் மேல் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். ஆரஞ்சுப் பைன் மேல் வெள்ளை படிந்தால் சில நேரம் இளஞ்சிவப்புச் சாயல் வரும், அதனால் வெள்ளையில் துளி சாம்பல் சேர்ப்பது நல்லது.

சுவர் முழுவதும் வேண்டாம், கீழ்ப்பாதியில் மட்டும் பலகையை வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. சுவரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது தரையிலிருந்து 80 முதல் 90 சென்டிமீட்டர் வரை பலகையை விட்டு, மேலே அறுத்தெடுத்து, வெட்டிய விளிம்பை ஒரு மரச்சட்டத்தால் மூடிவிடலாம். சரிபாதியில் வெட்டினால் அறை இரண்டாகப் பிளந்ததுபோல் தெரியும். வெட்டும் முன் பின்னால் கம்பிகளும் குழாய்களும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். அறுவையின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வைக்காதீர்கள்.

பெயர்த்தெடுத்தால் பின்னால் நல்ல சுவர் இருக்குமா?

இருக்கும் என்று நம்பிக் கடப்பாரையை எடுக்காதீர்கள். பலகைக்குப் பின்னால் சில வீடுகளில் வெறும் சட்டங்கள்தான் இருக்கும். வேறு சில வீடுகளில் உடைந்த பூச்சை மறைக்கவே பலகை அடித்திருப்பார்கள். பசை போட்டு ஒட்டிய பலகை வரும்போது பின்சுவரின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். அலமாரிக்குப் பின்புறமோ கதவுக்கு மறைவிலோ ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள். முழு மரப் பலகையானால் உடைக்காமல் ஆணியை நெம்பி எடுத்து, பின்புறம் எண் எழுதி அடுக்கிவையுங்கள். நன்றாக முதிர்ந்து உலர்ந்த பழைய மரத்துக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

பலகையை எடுக்காமல் மேலேயே ஜிப்சம் பலகை அடிக்கலாமா? வால்பேப்பர்?

பலகை ஆடாமல் இருந்தால் 6 அல்லது 9 மில்லிமீட்டர் ஜிப்சம் தகட்டைச் சட்டங்களில் திருகு பிடிக்கும்படி அடிக்கலாம். சுவர் முன்னால் வருவதால் சுவிட்ச் பெட்டிகளை நீட்டிக்க வேண்டும், கதவு சன்னல் சட்டங்களும் உள்வாங்கியதுபோல் ஆகும். வால்பேப்பருக்கு அடியில் தடித்த அடித்தாள் ஒட்டினால்தான் காடி தெரியாது. முழு மரத்தில் இதையும் நான் செய்யமாட்டேன்.

பலகையில் ஈரவாடை வருகிறது. பூசினால் அடங்குமா?

பூசவே கூடாது. பலகையின் அடிப்பகுதி மெத்தென்று அமுங்குகிறதா, பூஞ்சைப் புள்ளிகள் உண்டா, கரையான் மண்பாதை தெரிகிறதா, தட்டினால் உட்கூடாக ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறதோ அதை முதலில் நிறுத்தி, கெட்ட பலகைகளை எடுத்து, பின்சுவர் உலர்ந்த பிறகே மற்றவை. ஈரத்தைப் பெயின்ட்டால் மூடினால் மரம் உள்ளுக்குள் மக்கும்.

முந்தைய குடியிருப்பாளர் அடித்த பெயின்ட்டை எடுத்து மரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

ஈயச் சோதனை முடிந்து, அடியில் முழு மரம் என்று உறுதியானால் முயலலாம். முகப்பு எளிதில் வந்துவிடும். காடிகளிலும் மரத்தின் நுண்துளைகளிலும் தங்கிய பெயின்ட்தான் வாரக்கணக்கில் வேலை வாங்கும். பெயின்ட்டுக்கு அடியில் பழைய மெருகு இருந்தால் அது மரத்தைக் காத்திருக்கும், அப்போது பெயின்ட் தகடாகக் கழன்று வரும். வெறும் மரத்தின் மேல் நேரடியாகப் பூசியிருந்தால் முழுவதுமாக எடுப்பது கிட்டத்தட்ட முடியாது. ஓர் அடிச் சதுரத்தில் சோதித்தாலே எது என்று தெரிந்துவிடும்.

எண்ணெய் மெருகு துடைத்த துணிகளை என்ன செய்வது?

சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்றவை உலரும்போது வெப்பத்தை வெளிவிடும். குவித்துவைத்த துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். வெளியே, ஒன்றன் மேல் ஒன்று படாமல் விரித்து, விறைப்பாக உலரும்வரை விடுங்கள். அதற்கு இடம் இல்லையென்றால் நீர் நிரப்பிய உலோக டப்பாவில் அமிழ்த்தி, இறுக மூடி வையுங்கள்.